மின்தொழிலாளர் பயிற்சி: இந்திய மின்பாதுகாப்பு விதிகளில் ஒரு வரலாற்று நோக்கு (1956–2010)

முன்னுரை

மின்னோட்டமுள்ள கம்பிக்கு அருகில் பணியாற்றும் தொழிலாளி எவற்றை அறிந்திருக்க வேண்டும் என்பதைச் சட்டம் எந்த வரிசையில் வரையறுத்தது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளும், 2010ஆம் ஆண்டில் மத்திய மின்சார ஆணையம் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் இதற்கு முதன்மைச் சான்றுகளாகின்றன.

அதிகாரமளிப்பும் முதலுதவியும்

1956 விதிகளுள் 36ஆம் விதி, கம்பியையோ கருவியையோ கையாளுமுன் நிலத்தொடர்பு முதலிய வழிகளால் அதனை மின்னிறக்கம் செய்யப் பணித்தது. மின்னோட்டமுள்ள கம்பியில் பணிபுரிபவர் மட்டுமன்றி, அவருக்கு உதவுபவரும் அதிகாரமளிக்கப்பட்டவராக இருத்தல் வேண்டும் என்றது. ஆயினும் அவ்வதிகாரம் பெற எத்தகைய பயிற்சி தேவை என்பதை அவ்விதி கூறவில்லை.

44ஆம் விதி, மின்னதிர்ச்சியுற்றவரை மீட்கும் முறைகளை வட்டார மொழியிலும் எழுதி, மின்நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் பார்வையில் படுமாறு வைக்கப் பணித்தது. தமிழ்நாட்டில் அவ்வறிவுரை தமிழிலும் இடம்பெற வேண்டியதாயிற்று. அம்முறைகளைச் செயற்படுத்தும் திறன் பணியாளர்க்கு உண்டு என்பதை உறுதிசெய்வது உரிமையாளரின் கடமையாயிற்று. இவ்விரு விதிகளையும் சேர்த்து நோக்கின், தொழிலாளியிடம் வெளிப்படையாக வேண்டப்பட்ட திறன் விபத்தைத் தவிர்க்கும் திறனன்று. விபத்துக்குப் பின் உயிர்மீட்கும் திறனே என்பது புலனாகும்.

பயிற்சியின் வரிசைமுறை

பின்னர் 3ஆம் விதியில் சேர்க்கப்பட்ட திருத்தம், 100 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறனுடைய மின்னுற்பத்தி நிலையங்களை இயக்குவோர்க்கும் பராமரிப்போர்க்கும் வரையறுத்த பயிற்சியைக் கட்டாயமாக்கியது. மின்பகிர்மானப் பணியாளர் அதன் வரம்பினுள் வரவில்லை. 2010 ஒழுங்குமுறைகளின் 7ஆம் ஒழுங்குமுறையே மின்செலுத்தம், மின்பகிர்மானம் ஆகிய துறைகளின் பொறியாளர், மேற்பார்வையாளர், தொழில்நுட்பப் பணியாளர் ஆகியோர்க்கும் பயிற்சியை வேண்டியது. பெருநிலையத்திற்கு முதலிலும், மின்கம்பத்தில் ஏறுபவருக்குப் பின்னரும் கடமை விதிக்கப்பட்ட இவ்வரிசை, பயிற்சி தொடக்கத்தில் உயிர்காப்பைக் காட்டிலும் நிலையத்தின் தடையற்ற இயக்கத்திற்கான தேவையாகக் கருதப்பட்டதோ என ஐயுற இடந்தருகிறது.

முடிவுரை

விதியின் வாசகம் மட்டும் நடைமுறைக்குச் சான்றாகாது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவு, மின்விபத்துகளை அறிவிக்கவும் மின் ஆய்வாளர் வழியே விசாரிக்கவும் வகைசெய்கிறது. அவ்விசாரணை அறிக்கைகளைப் பயிற்சிப் பதிவேடுகளுடன் ஒப்பிட்டு ஆராய்தல் அடுத்த பணியாகும். உயிரிழந்தவர் பயிற்சி பெற்றவரா, 36ஆம் விதி குறிப்பிட்ட 'உதவுபவர்' நிலையில் பயிற்சியின்றிப் பணிக்கு அனுப்பப்பட்டவரா என்பதை அவ்வாய்வே தெளிவுபடுத்தும்.