ஒரு நட்சத்திரமா, இரண்டா? எழுத்தைத் தடிக்க வைப்பதில் ஏன் இத்தனை குழப்பம்?

2001-இல் சுரங்கம் மூடிய பிறகு கோலார் தங்கவயலில் பலரது பிழைப்பு ரயிலேறிவிட்டது. கோரமண்டல் ஸ்டேஷனில் காலையில் பெங்களூரு வண்டி பிடிக்கிறவர்களின் போனில் வீட்டுக்கு வாட்ஸ்அப், ஆபீசுக்கு வேறொரு செயலி. ஒரு சொல்லை அழுத்திக் காட்ட பெரும்பாலும் நட்சத்திரக் குறிதான். எத்தனை நட்சத்திரம் என்பதில்தான் தகராறு.

வாட்ஸ்அப்பிலும் ஸ்லாக்கிலும் *நாளை* என்று அடித்தால் எழுத்து தடிக்கும். கிட்ஹப்பில் அதுவே சாயும். தடிக்க வேண்டுமென்றால் இரு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரம். சாட்ஜிபிடி தந்த பதிலை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் நட்சத்திரங்கள் பல்லிளிப்பது இதனால்தான். இரட்டை அடிக்கோடு இன்னும் மோசம். __நாளை__ என்பது கிட்ஹப்பில் தடிப்பு, டெலிகிராமில் சாய்வு, டிஸ்கார்டில் அடிக்கோடு. தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் போனால் இதெல்லாம் செல்லாது, அங்கே மூன்று ஒற்றை மேற்கோள்.

ஏன் இப்படி? 2004-இல் ஜான் க்ரூபர் மார்க்டவுனை வெளியிட்டார். அதில் ஒரு நட்சத்திரம் என்றால் 'அழுத்தம்', இரண்டு என்றால் 'பலத்த அழுத்தம்'. அதாவது கட்டளை பொருளைச் சொல்கிறது, தோற்றத்தை அல்ல. அழுத்தத்தைச் சாய்வாகக் காட்டுவது பிரவுசரின் வழக்கம். 2016-இல் இந்த வசதியைக் கொண்டுவந்த வாட்ஸ்அப்போ நேராகத் தோற்றத்துக்கே வந்துவிட்டது: ஒரு நட்சத்திரம், தடித்த எழுத்து. சாதாரண ஆளுக்கு இதுதான் சுலபம் என்பது என் கட்சி.

மார்க்டவுனிலேயே ஆளுக்கொரு விளக்கம் கிளம்பியதால், 2014-இல் காமன்மார்க் என்ற பொது விதித்தொகுப்பு வந்தது. ஆனால் தமிழுக்கு அதிலும் ஒரு முள் இருக்கிறது. நம் வேற்றுமை உருபு இடைவெளி விடாமல் சொல்லோடு ஒட்டும். _கோரமண்டல்_இல் என்று எழுதினால் சாயாது. அடிக்கோட்டை அடுத்து உடனே எழுத்து வந்தால், அதை மூடும் குறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. கோப்புப் பெயர்களில் வரும் அடிக்கோடுகளைக் காப்பாற்றத்தான் அது, நம் உருபும் அதில் மாட்டிக்கொள்கிறது. *கோரமண்டல்*இல் என்றால் பிரச்சினை இல்லை.

மேற்கோள் சேர்ந்தால் நட்சத்திரமும் கைவிடும். மேற்கோளையும் இரட்டை நட்சத்திரங்களுக்குள் அடைத்து, உருபை ஒட்டினால் “கோரமண்டல்”இல் தடிக்காது. மேற்கோளை நட்சத்திரங்களுக்கு வெளியே தள்ளிப் போடுங்கள், தடிக்கும்.