மூளைக்காய்ச்சல் வேடமிடும் மூளையுறைப் புற்றுகள்

மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்திய மெல்லுறையில், கட்டியாகத் திரளாமல் படலமாகவே படரும் அரிய புற்றுகள் சில உண்டு. லிம்போமா, கிளையோமா, நிறமிச் செல்களில் எழும் மெலனோமா ஆகியவை உடலில் வேறெங்கும் இல்லாமல் இங்கேயே முளைக்கலாம். பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும் கிளையோநியூரானல் வகையை உலக சுகாதார நிறுவனம் 2016இல்தான் தன் வகைப்பாட்டில் சேர்த்தது. தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை வாரக்கணக்கில் நீளும், முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரில் புரதமும் லிம்போசைட்டும் கூடியிருக்கும், சர்க்கரை குறைந்திருக்கும், எம்.ஆர்.ஐ.யில் உறை பளிச்சிடும். சென்னையில் இதைப் பார்த்ததும் மருத்துவர் சொல்லும் முதல் பெயர் டிபி, அதாவது காசநோய்.

அதில் தவறில்லை. காசநோய் மூளைக்காய்ச்சலில் தாமதம் உயிரைப் பறிக்கும். காசநோய்க் கிருமியைத் தேடும் எக்ஸ்பர்ட் சோதனையில் அது அகப்படாவிட்டாலும் நோய் இல்லையென்று ஆகிவிடாது. எனவே முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவதே சரி. ஆனால் தொடங்கியதாலேயே நோய் உறுதியாகிவிட்டதாக எண்ணுவதில்தான் சிக்கல். டிபி மாத்திரையோடு ஸ்டீராய்டும் கொடுக்கிறார்கள். அதற்கு லிம்போமா செல்களும் கரையும். தலைவலி விட்டதும் 'மருந்து பிடித்துவிட்டது' என்று வீட்டார் நிம்மதியடைவார்கள். ஸ்டீராய்டைக் குறைக்கையில் தலைவலி திரும்பும். உண்மையான டிபியிலும் சிகிச்சைக்கு நடுவே நோய் முற்றுவதுண்டே எனலாம். உண்டுதான். ஆகவே முற்றுவது புற்றுக்குச் சான்றாகாது. அதே கணக்கில், தேறுவதும் டிபிக்குச் சான்றாகாது.

இவ்வளவு அரிய நோய்க்காக எல்லோரையும் அலைக்கழிக்கலாமா என்ற கேள்வியும் நியாயமானதே. அம்பத்தூர், ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் வந்தாலும், பூந்தமல்லியிலிருந்து நெடுஞ்சாலையோடு வந்தாலும், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கு வந்துசேர ஒரு பகல் கூலி போய்விடும். ஆனால் கேட்பது பெரிதல்ல: செல் பரிசோதனைக்கு இன்னொரு முறை, 10 மில்லி அளவுக்கு நீர். உறைக்குப் பரவிய புற்றுகளில் முதல் மாதிரி பாதிப் பேரைத்தான் காட்டிக்கொடுக்கும். அடுத்தது மேலும் பலரை. இதில் தூரமும் கணக்கில் வரும். எடுத்த நீரில் செல்கள் சீக்கிரமே சிதையும். புறநகரில் எடுத்த குப்பி நெரிசலில் ஊர்ந்து ஆய்வகம் சேர்ந்தால், 'புற்றுச்செல் இல்லை' என்ற அறிக்கைக்கு மதிப்புக் குறைவு. கிளையோமாவோ நீரில் செல்களை அவ்வளவாக உதிர்ப்பதே இல்லை. அங்கே, எம்.ஆர்.ஐ.யில் பளிச்சிடும் இடத்திலிருந்தே உறைத்துணுக்கு எடுத்து பயாப்சி செய்ய வேண்டும். அதில் லிம்போமா தெரிந்தால் புற்றுமருந்தான மெத்தோட்ரெக்சேட் தொடங்கும். காசநோய்த் திரள் தெரிந்தால் அதே டிபி மாத்திரை தொடரும்.