தாத்தாவின் கையெழுத்தும் பேரனின் உதவித்தொகையும்

உதவித்தொகை தேடும் மாணவர் முதலில் எடுப்பது மதிப்பெண் பட்டியலைத்தான். புதுச்சேரியில் மட்டும் அதற்கு முன்னால் வீட்டுப் பீரோவில் உள்ள பழைய காகிதங்களைப் பார்ப்பது நல்லது. ஏன்?

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி இணைந்ததோ 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் கொடுக்கவில்லை.

அந்தக் கையெழுத்து இன்றும் செல்லுபடியாகிறது. அப்படி எழுதிக் கொடுத்த குடும்பத்தின் பிள்ளை பிரெஞ்சுக் குடியுரிமையோடு, 1826-இல் தொடங்கிய பிரெஞ்சு லிசேயில் படித்தால், குடும்ப வருமானத்தைப் பொறுத்து பிரான்ஸ் அரசின் உதவித்தொகை கேட்கலாம். இந்தியக் குடியுரிமை உள்ள பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அது கிடையாது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. பிரான்சில் மேற்படிப்புக்குத் தரப்படும் ஐஃபெல் உதவித்தொகை வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டுமே. அது முக்கியமாகப் பார்ப்பது படிப்புத் திறமையை. இந்தியப் பிள்ளை அதற்கு முயலலாம்; பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் முயல முடியாது.

ஒரே தெரு, ஒரே மதிப்பெண், கதவு மட்டும் வேறு. திறக்காத கதவைத் தட்டி ஒரு வருடத்தை இழக்காமல் இருக்க, விண்ணப்பத்தை நிரப்பும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அன்றைக்கு நம் வீட்டில் யாராவது எழுதிக் கொடுத்தார்களா?"