எதிரி வராத பன்னிரண்டு ஆண்டுகள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் காலேஜ் ஸ்டேஷன் என்றொரு நகரம் இருக்கிறது. அங்குள்ள டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு போர்ப்பாடல் உண்டு. முதல் உலகப்போரில் ஐரோப்பாவுக்குச் சென்ற வில்சன் என்னும் மாணவர், ரைன் நதிக்கரையில் காவல் நின்றபோது அதை எழுதினார் என்பார்கள். அப்பாடலின் பெரும்பகுதி தம் கல்லூரியைப் போற்றுவதில் செலவாகவில்லை. ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு விடைகொடுப்பதிலும், அதன் சின்னமான நீள்கொம்புக் காளையின் கொம்புகளை அறுத்தெறியச் சொல்வதிலுமே செலவாகிறது. கொம்பறுக்கும் அடி வரும்போது அரங்கமே தோளோடு தோள் கோத்து, இரம்பம் அசைவதுபோல் இடமும் வலமும் அசையும்.

2012 முதல் 2023 வரை அந்த எதிரணி காலேஜ் ஸ்டேஷன் மைதானத்துக்கு வரவே இல்லை. பாடல் மட்டும் ஒவ்வொரு ஆட்டத்திலும் பாடப்பட்டது. வராத எதிரியை நோக்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு பெருங்கூட்டம் பாடிக்கொண்டிருந்தது எதனால் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டின் நுணுக்கங்கள் நமக்கு இங்கே தேவையில்லை. இது காலால் உதைத்து ஆடும் நம் கால்பந்து அல்ல, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து என்பதை அறிந்தால் போதும். அங்கே கல்லூரி அணிகளின் ஆட்டத்துக்கே ஒரு லட்சம் பேர் திரளும் அரங்குகள் உள்ளன. பல்கலைக்கழகங்கள் தமக்குள் கூட்டமைப்புகளை அமைத்துக்கொண்டு ஆண்டுதோறும் ஒன்றோடொன்று மோதுகின்றன. தொடக்கத்தில் இக்கூட்டமைப்புகள் புவியியலைச் சார்ந்தே அமைந்தன. ரயிலில் ஓரிரவில் போய்வரக்கூடிய தொலைவில் இருந்தவர்கள் பங்காளிகளானார்கள். பிற்காலத்தில் தொலைக்காட்சி உரிமையை விற்றுப் பணத்தைப் பகிர்ந்துகொள்வதே கூட்டமைப்பின் முதன்மை வேலையாயிற்று. நாம் சொல்லப்போகும் கதை இந்த மாற்றத்தின் கதையும்கூட.

இரு பல்கலைக்கழகங்களும் ஒரே மாநில அரசின் பிள்ளைகள். 1862இன் மோரில் சட்டம் வழங்கிய நிலக்கொடையின் பயனாக, வேளாண்மையும் இயந்திரவியலும் கற்பிக்க 1876இல் திறக்கப்பட்டது ஏ அண்ட் எம். ஆஸ்டின் பல்கலைக்கழகம் 1883இல் வந்தது. வயதில் இளையதாயினும் மாநில அரசமைப்பு அதையே தலைமை நிறுவனமாகவும் ஏ அண்ட் எம்மை அதன் கிளையாகவும் கருதியது. பின்னாளில் பல்கலைக்கழக நிலங்களில் எண்ணெய் பீறிட்டபோது, 1931இல் செய்த பங்கீட்டில் ஆஸ்டினுக்கு மூன்றில் இரண்டு பங்கும் ஏ அண்ட் எம்முக்கு ஒரு பங்கும் கிடைத்தன. ஒரு பக்கம் தலைநகரின் சட்ட மாணவர்கள். மறுபக்கம் சீருடை அணிந்து இராணுவப் பயிற்சி பெறும் விவசாயிகளின் மகன்கள். 1963 வரை ஏ அண்ட் எம் ஆண்கள் கல்லூரியாகவே இருந்தது. ஆஸ்டின்காரர்கள் இவர்களைப் பட்டிக்காட்டு முட்டாள்களாக்கி நகைச்சுவைத் துணுக்குகள் சொன்னார்கள். இவர்கள் அவர்களைத் தேநீர் உறிஞ்சிகள் என்றார்கள். எழுத்தில்கூட அப்பல்கலைக்கழகத்தின் பெயரைச் சிறிய எழுத்துகளில் சுருக்கி எழுதி அவமதித்தார்கள். அண்ணன் தம்பிப் பாகப்பிரிவினையின் கசப்பு இதில் இருப்பதை நம் வாசகர்கள் எளிதில் உணர்வார்கள்.

முதல் ஆட்டம் 1894இல் நடந்தது. ஆஸ்டின் 38-0 என வென்றது. 1911இல் ஹூஸ்டனில் நடந்த ஆட்டத்தை ஒட்டி மூண்ட கைகலப்பால் ஆஸ்டின் உறவையே முறித்துக்கொண்டது. தென்மேற்குக் கூட்டமைப்பு உருவாகி, 1915இல் இருவரும் அதில் ஆடத் தொடங்கியபோதுதான் பகை புதுப்பிக்கப்பட்டது. அவ்வாண்டு ஏ அண்ட் எம் 13-0 என வென்றது. 1917இல் அதன் ஆட்கள் சிலர் ஆஸ்டினின் காளையைத் தேடிப் பிடித்து, அதன் விலாவில் 13-0 என்று சூடு போட்டார்கள். அந்த எண்களை மறைக்கவே ஆஸ்டின்காரர்கள் கோடுகள் சேர்த்து ‘பீவோ’ என்னும் பெயராக மாற்றினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதை அழகானதுதான், ஆனால் உண்மையல்ல. காளைக்கு அப்பெயர் 1916இலேயே முன்னாள் மாணவர் இதழில் அச்சாகிவிட்டது. உண்மையில் நடந்தது இன்னும் விசித்திரமானது. பராமரிப்புச் செலவு தாளாமல் 1920இல் அக்காளையை அறுத்து விருந்து வைத்தார்கள். விருந்துக்கு ஏ அண்ட் எம்காரர்களையும் அழைத்து, 13-0 என்று சூடு பதிந்த தோலை அவர்களிடமே கொடுத்தனுப்பினார்கள். பகைவனை அழைத்துப் பந்தி போடும் பண்பு இந்தப் பகையில் தொடக்கத்திலிருந்தே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

மந்திரமும் இருந்தது. 1941க்கு முந்திய பதினெட்டு ஆண்டுகள் ஆஸ்டின் அணி காலேஜ் ஸ்டேஷனில் வென்றதில்லை. குறிசொல்லும் பெண்மணி ஒருவரிடம் மாணவர்கள் யோசனை கேட்டனர். அவர் சொற்படி நகரெங்கும் சிவப்பு மெழுகுவர்த்திகளை ஏற்றினர். அவ்வாண்டு ஆஸ்டின் 23-0 என வென்றது. தீ எதிர்ப்பக்கத்திலும் எரிந்தது. ஆஸ்டினுடனான ஆட்டத்துக்கு முன்னர், வெல்லும் வேட்கையின் அடையாளமாக ஏ அண்ட் எம் மாணவர்கள் பல வாரம் மரம் வெட்டி, கட்டைகளை அடுக்கி, பெருநெருப்பு மூட்டுவார்கள். 1963இல் மட்டும் அதிபர் கென்னடி கொல்லப்பட்டதால், அடுக்கிய கட்டைகளைத் தாமே பிரித்தார்கள்.

1999 நவம்பர் 18 அதிகாலை 2.42 மணிக்கு, கட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கட்டைக் கோபுரம் சரிந்தது. சுமார் ஐயாயிரம் கட்டைகள். பன்னிரண்டு பேர் இறந்தார்கள். இருபத்தேழு பேர் காயமுற்றார்கள். ஆஸ்டின் மாணவர்கள் இரத்ததானம் செய்தார்கள். தம் வெற்றிகளின்போது ஒளியூட்டப்படும் பல்கலைக்கழகக் கோபுரத்தை இருளில் மூழ்கவிட்டார்கள். நவம்பர் 26 அன்று திட்டமிட்டபடியே ஆட்டம் நடந்தது. இடைவேளையில் ஆஸ்டின் வாத்தியக் குழுவினர் இரங்கல் இசை வாசித்துத் தொப்பிகளைக் கழற்றி நின்றார்கள். அன்று ஏ அண்ட் எம் 20-16 என வென்றது. ‘விளையாட்டுப் பகை’ என்பதன் பொருளை இதைவிடத் துல்லியமாக விளக்கும் நிகழ்ச்சியை நாம் அறியோம். நூறாண்டுகளாக ஏசியவனுக்குத்தான் எதிரியின் இழப்பு எவ்வளவு என்று தெரிந்திருந்தது.

இந்த உறவை அறுத்தது கைகலப்போ மரணமோ அல்ல, கணக்குப் புத்தகம். 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்லூரி ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தன் பிடியில் வைத்திருந்தது சட்டவிரோதம் எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் கூட்டமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் தத்தம் ஆட்டங்களைத் தாமே விற்கலாயின. பெரும்பாலும் ஒரே மாநிலத்துக்குள் அடங்கிய தென்மேற்குக் கூட்டமைப்புக்குப் பரந்த சந்தை இல்லை. ஆர்கன்சா வெளியேறியது. 1996இல் கூட்டமைப்பு கலைந்தது. ஆஸ்டினும் ஏ அண்ட் எம்மும் பிக் டுவெல்வ் என்னும் புதிய கூட்டமைப்பில் சேர்ந்தன.

2011 ஜனவரியில் ஆஸ்டின் பல்கலைக்கழகம் ஈ.எஸ்.பி.என். நிறுவனத்தோடு சேர்ந்து தனக்கென்றே ஒரு தொலைக்காட்சி அலைவரிசையை அறிவித்தது. இருபது ஆண்டுகளுக்கு முப்பது கோடி டாலர். அதில் பள்ளி மாணவர்களின் ஆட்டங்களையும் காட்டத் திட்டமிட்டபோது, நாளைய வீரர்களை இப்போதே வளைத்துப்போடுகிறார்கள் என்று ஏ அண்ட் எம் கொதித்தது. பள்ளி ஆட்டங்களைக் காட்டத் தடை வந்தது, ஆனால் கோபம் தணியவில்லை. மூன்றில் ஒரு பங்கின் பழைய வடு மீண்டும் கீறப்பட்டது என்றே நாம் வாசிக்கிறோம். அவ்வாண்டு செப்டம்பரில் தென்கிழக்குக் கூட்டமைப்புக்கு மாறுவதாக ஏ அண்ட் எம் அறிவித்தது. நவம்பர் 24, நன்றி நவிலும் நாளன்று, காலேஜ் ஸ்டேஷனில் கடைசி ஆட்டம். இறுதி நொடியில் உதைக்கப்பட்ட பந்தால் ஆஸ்டின் 27-25 என வென்றது. அது 118ஆவது ஆட்டம்.

அதன்பின் வந்த பன்னிரண்டு பருவங்களில், ஆடவிடாமல் தடுத்தது யார் என்பதே புதிய போட்டியாயிற்று. போனவன்தான் முறித்தான் என்றது ஒரு தரப்பு. அழைத்தும் வராதவன்தான் முறித்தான் என்றது மறு தரப்பு. 2013இல் இரு அணிகளும் ஆண்டுதோறும் ஆடியே தீரவேண்டும் என்று சட்டமன்றத்தில் ஒரு மசோதாவே கொண்டுவரப்பட்டது, அது நிறைவேறவில்லை. புதிய இடத்தில் ஏ அண்ட் எம்முக்குப் பெருமையும் கிடைத்தது. 2012இலேயே முதலிடத்திலிருந்த அலபாமாவை அதன் களத்தில் 29-24 என வீழ்த்தியது. ஆனால் அலபாமாவை வைத்துத் துணுக்கு சொல்ல யாருக்கும் பாட்டன் கதை இல்லை. ஒரே வீட்டில் இரு பல்கலைக்கழகங்களிலும் பிள்ளைகள் படித்த குடும்பங்கள் டெக்சாசில் ஏராளம். விருந்து மேசையில் சண்டையிட அவர்களுக்குக் காரணம் இல்லாமற்போயிற்று. இந்த இழப்பு எந்த ஒப்பந்தத்தின் கணக்கிலும் வரவில்லை.

பின்னர் வந்த திருப்பம் முரண்நகையானது. 2021 ஜூலையில் ஆஸ்டினும் ஓக்லஹோமாவும் அதே தென்கிழக்குக் கூட்டமைப்பில் சேர விரும்புவது வெளியாயிற்று. டெக்சாசிலிருந்து தாம் மட்டுமே அங்கிருக்க வேண்டும் என்று ஏ அண்ட் எம் தரப்பு முதலில் முணுமுணுத்தது. வாக்கெடுப்பிலோ பதினான்கு உறுப்பினரும் ஒருமனதாக ஏற்றனர். ஏ அண்ட் எம்மும் கைதூக்கியது. 2024 நவம்பர் 30 அன்று காலேஜ் ஸ்டேஷனில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் ஆட்டம் மீண்டும் நடந்தது. ஆஸ்டின் 17-7 என வென்றது. 2025இல் அதுவரை தோல்வியே காணாமல் வந்த ஏ அண்ட் எம்மை ஆஸ்டினில் 27-17 என வென்றது. பிரிவுக்கு ஒரு காரணமாயிருந்த அந்தத் தனி அலைவரிசை 2024இலேயே மூடப்பட்டுவிட்டது.

பகை பிழைத்தது என்று மகிழலாம். ஆயினும் பிரித்த பணமேதான் சேர்த்தும் வைத்தது என்பதை மறப்பதற்கில்லை. இரசிகர்களின் விருப்பம் இரண்டு முறையும் கேட்கப்படவில்லை. அவர்களால் செய்ய முடிந்தது ஒன்றே: எதிரே யாரும் இல்லாதபோதும் தோள்கோத்து நின்று, கொம்பறுக்கும் அடியை விடாமல் பாடிவந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் கல்லூரிக்கு வந்து படித்து முடித்துச் சென்ற எத்தனையோ மாணவர்கள், தாம் பாடிய எதிரியைத் தம் மைதானத்தில் ஒருமுறையும் கண்டதில்லை. அவர்களுக்கு அந்தப் பகையைக் கையளித்தது பாடல் மட்டுமே.