"இல்லை" என்று எழுதப்பட்ட கட்டம்: மியூசின் பரம்பரையலகும் வன்னியின் சிறுநீரக நோயும்

1. முன்னுரை

குளத்து விராலை வெட்டுமுன் அதைச் சாம்பலில் பிரட்டுவார்கள். சாம்பல் இல்லாவிட்டால் உப்புப் போட்டுத் தேய்ப்பார்கள். வெறுங்கையில் பிடித்தால் நழுவிவிடும். அந்த வழுவழுப்பைத் தருவது மியூசின் என்னும் புரத வகை. நமது கண்ணையும் தொண்டையையும் குடலையும் ஈரமாக வைத்திருப்பதும் இதே வகைப் புரதந்தான். சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் சுவரிலும் அது உண்டு. அங்கே அது பழுதாகும்போது சத்தமில்லாமல் ஒரு நோய் வருகிறது.

இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் தொடங்கி வன்னியின் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் விவசாயப் பகுதிகள் வரை பரவியுள்ள நோயை "காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்" என்கிறோம். இந்தப் பெயர் நோயைப் பற்றிச் சொல்வதைவிட நமது கருவிகளையும் கேள்விகளையும் பற்றியே கூடுதலாகச் சொல்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். நோயாளரில் ஒரு சிறு பகுதியினருக்கேனும் காரணம் மியூசின் பரம்பரையலகில் இருக்கக்கூடும். அதைக் கண்டுகொள்ள விடாமல் இரண்டு தடைகள் நிற்கின்றன. ஒன்று ஆய்வுகூடத்தில் இருக்கிறது. மற்றது 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரினால் வந்தது.

2. திரும்பத் திரும்ப வரும் எழுத்து

மியூசின் ஒன்றின் நிறையில் பாதிக்கு மேல் புரதமே அல்ல, சர்க்கரை. புரதச் சங்கிலி ஒரு தண்டுபோல நீண்டிருக்க, அதில் சர்க்கரைக் கிளைகள் நெருக்கமாகத் தொங்குகின்றன. அக்கிளைகள் நீரைப் பிடித்துவைப்பதால் சீதம் கூழாகிறது. சர்க்கரை தொங்குவதற்கு செரீன், திரியோனின் என்ற அமினோ அமிலங்கள் தேவை. அவை நிறைய வேண்டுமென்றால் மிக எளிய வழி ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதுவது. மியூசின் பரம்பரையலகுகள் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பாலூட்டிகளின் பரிணாமத்தில், வேறு வேலை செய்துகொண்டிருந்த புரோலின் மிகுந்த புரதங்கள் இத்தகைய மீள்வரிகளைப் பெற்று மியூசின்களாக மாறியது ஒரு தடவை அல்ல, பல தடவை தனித்தனியாக நடந்திருக்கிறது என்று பபலோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள்.

முதலாம் நிறமூர்த்தத்தில் உள்ள மியூக்-1 பரம்பரையலகில் மீள்வரி 60 எழுத்து நீளம். அதிலிருந்து 20 அமினோ அமிலங்கள் கிடைக்கும். அந்த வரி ஒருவருக்கு 20 தடவை வரலாம், இன்னொருவருக்கு 100 தடவைக்கு மேலும் வரலாம். தாயிடமிருந்து வந்த பிரதியும் தகப்பனிடமிருந்து வந்த பிரதியும் நீளத்தில் ஒத்திருப்பதில்லை. இந்த நீள வேறுபாடு வெறும் அலங்காரமல்ல. பிரித்தானிய உயிர்வங்கியில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வு, மியூக்-1இன் மீள்வரி எண்ணிக்கைக்கும் சிறுநீரகச் செயற்பாட்டு அளவீடுகளுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டது.

மருத்துவம் மியூசின்களை ஏற்கெனவே பல வாசல்களால் சந்தித்திருக்கிறது. மார்புப் புற்றுநோயாளரில் பார்க்கும் சி.ஏ. 15-3 என்ற குருதிப் பரிசோதனை அளப்பது மியூக்-1ஐ. சூலகப் புற்றுநோய்க்கான சி.ஏ. 125 அளப்பது மியூக்-16ஐ. மியூக்-5பி பரம்பரையலகின் முன்பகுதியிலுள்ள ஒரு சாதாரண மாற்றம் நுரையீரல் நார்மை நோயின் ஆபத்தைக் கூட்டுகிறது என்பது 2011இல் தெரியவந்தது. ஆனால் மீள்வரிகளுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் விகாரம் என்ன செய்யும் என்பதற்குச் சிறுநீரகத்தைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

3. ஏழு எட்டானபோது

1998இல் சைப்பிரஸ் தீவின் பெரிய குடும்பங்கள் சிலவற்றை ஆராய்ந்தவர்கள், அவர்களிடையே தலைமுறை தலைமுறையாக வந்த சிறுநீரக நோயின் இருப்பிடம் முதலாம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதி என்று குறித்தார்கள். தெரு தெரிந்துவிட்டது, வீடு தெரியவில்லை. அதற்குப் பின் 15 ஆண்டுகள் தேடல் நடந்தது. புதிய வாசிப்பு இயந்திரங்கள் வந்தன. அவை அந்தப் பகுதியை முழுவதும் வாசித்ததாகவே எல்லோரும் நம்பினார்கள், விகாரம் அகப்படவில்லை.

ஏன் அகப்படவில்லை என்பதை நமது பள்ளிக்கூடத்துத் தண்டனை ஒன்றைக் கொண்டு விளக்கலாம். ஒரு மாணவன் ஒரே வசனத்தை 60 தடவை எழுதிக் கொடுக்கிறான். ஓரிடத்தில் மட்டும் ஓர் எழுத்து கூடிவிட்டது. அந்தக் கொப்பியை இரண்டு வரித் துண்டுகளாகக் கிழித்து, ஒரு கூடையில் கொட்டி, மீண்டும் ஒட்டச் சொன்னால் எந்தத் துண்டு எந்த இடத்துக்குரியது என்று யாராலும் சொல்ல முடியாது. பரவலாகப் பயன்படும் இயந்திரங்கள் ஒரு தடவையில் 150 எழுத்து அளவில்தான் வாசிக்கும். மியூக்-1இன் இரண்டரை வரி அவ்வளவுதான். அத்தோடு அந்த வரியில் சைற்றோசின் என்ற எழுத்து அடுத்தடுத்து ஏழு தடவை வருகிறது. அந்த இடத்தில் இயந்திரமே எண்ணிக்கை தவறுவது வழக்கம். எனவே எட்டு என்று எங்காவது வந்தாலும் அது இயந்திரத்தின் பிழை என்று ஒதுக்கப்பட்டது.

அது பிழையாக இருக்கவில்லை. 2013இல் நேச்சர் ஜெனெற்றிக்ஸ் இதழில் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் புரோட் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பழைய முறைகளுக்குத் திரும்பி அப்பகுதியைப் படியெடுத்துப் பொறுமையாக வாசித்தார்கள். ஆறு குடும்பங்களிலும் ஒரே கதை: ஏதோ ஒரு மீள்வரியில் ஏழு சைற்றோசின் எட்டாகியிருந்தது. கலம் எழுத்துகளை மூன்று மூன்றாகச் சேர்த்து வாசிக்கும். ஓர் எழுத்துக் கூடினால் அதற்குப் பிறகு வரும் சேர்க்கை எல்லாம் இடம்மாறிப் பொருள் வேறாகிவிடும். மீள்வரிகளிலும் அதே இடமாற்றம் தொடர்வதால், உருவாவது மியூசின் அல்ல, உடலுக்கு அந்நியமான ஒரு நீண்ட புரதம்.

இந்தப் புரதம் கலத்தின் வெளிப்படலத்தைப் போய்ச் சேர்வதில்லை. செல் இதழில் 2019இல் வெளியான ஆய்வின்படி, டி.எம்.இ.டி.9 என்ற ஏற்பி அதைப் பிடித்துவைக்க, அது வழியிலேயே தேங்குகிறது. தேங்கத் தேங்க நுண்குழாய்க் கலங்கள் சாகின்றன. அந்த ஏற்பியோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு மூலக்கூறு தேக்கத்தைக் கரைப்பதையும் அதே ஆய்வு எலிகளிலும் மனிதக் கலங்களிலும் காட்டியது. நோயாளருக்கான மருந்தாக அது இன்னும் வரவில்லை.

நோயின் முகம் மிகச் சாதுவானது. சிறுநீரில் குருதி இல்லை. புரதம் இல்லை அல்லது மிகக் குறைவு. குருதியில் கிரியேற்றினின் என்ற கழிவின் அளவு மட்டும் ஆண்டுக்காண்டு மெல்ல ஏறும். சிலருக்கு இருபதுகளிலேயே டயலிசிஸ் தேவைப்படும், சிலருக்கு எழுபது வயதிலுந்தான். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. சொந்தத்துக்குள் கட்டியதால் வந்தது என்று நம்மவர் சொல்லும் காரணம் இங்கே பொருந்தாது. ஒரு பிரதி பழுதானாலே போதும்.

4. வன்னியின் நோயும் அதன் ஒற்றுமையும்

1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனிக்கப்பட்ட நோயும் இதைப் போலவே சத்தமில்லாதது. நீரிழிவு இல்லை, நெடுநாள் பிரஷர் இல்லை. இழையத்தை எடுத்துப் பார்த்தால் சேதம் நுண்குழாய்களிலும் அவற்றின் இடைவெளிகளிலும் தெரியும். அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களில் உலக சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, வயதுக்கேற்பச் சீராக்கிய பரவலை ஆண்களில் 12.9 வீதம், பெண்களில் 16.9 வீதம் என்று கணித்தது. முற்றிய நிலை ஆண்களிலேயே கூடுதலாக இருந்தது. கன நீர், புளோரைட்டு, கட்மியம், களைகொல்லி, வெயிலில் உடல் வறள்வது என்று சந்தேகங்கள் பல. கிளைபோசேற்றுக்கு 2015இல் நாட்டில் தடையும் வந்தது. தனியொரு காரணம் இன்றுவரை நிலைநாட்டப்படவில்லை.

பரம்பரைப் பக்கமும் பார்க்கப்படாமல் இல்லை. நாணயக்கார என்ற ஆய்வாளரின் குழுவினர் 2014இல் எஸ்.எல்.சி.13ஏ3 என்ற பரம்பரையலகிலும், 2015இல் எக்சோம் வாசிப்பின் மூலம் வேறு இரண்டிலும் நோயோடு தொடர்புடைய மாற்றங்களை அறிவித்தனர். இங்கேதான் கவனம் தேவை. எக்சோம் என்பது புரதத்துக்கான பகுதிகளையெல்லாம் வாசிப்பது என்றே பெயர். மியூக்-1இன் மீள்வரிகள் புரதத்துக்கான பகுதிதான். ஆயினும் சாதாரண எக்சோம் வாசிப்பு அவற்றை ஊடுருவாது. ஆகவே எக்சோம் அறிக்கையில் மியூக்-1 வராவிட்டால் விகாரம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது; அது பார்க்கப்படவில்லை என்பதே அதன் பொருள். இல்லாமைக்கும் பார்க்கப்படாமைக்கும் இடையிலான இந்த வேறுபாடு அடுத்த பகுதியில் வேறு வடிவத்தில் திரும்பி வருகிறது.

5. கிணறும் குருதி உறவும்

ஒரு குடும்பத்தில் மூன்று பேருக்குக் கிட்னி வருத்தம் என்றால் அது பரம்பரையாகவும் இருக்கலாம், ஒரே கிணற்றுத் தண்ணீராகவும் இருக்கலாம். ஒன்றாக வாழும் குடும்பத்தைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். அதற்கு வேண்டியது, குருதியால் ஒன்றாகவும் தண்ணீரால் வேறாகவும் உள்ள உறவினர்.

வன்னியில் அப்படிப்பட்டோர் ஏராளம். நெடுங்கேணியில் வயல் செய்யும் ஒருவரின் தங்கை முள்ளிவாய்க்காலில் மீன்பிடிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருப்பார். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட அந்த மணல் நிலத்தின் கிணறும் குளத்துக்குக் கீழுள்ள வயற்கரைக் கிணறும் ஒன்றல்ல. பதினைந்து வயதில் கனடாவுக்கோ இலண்டனுக்கோ போன தம்பி இருப்பார். வன்னித் தண்ணீரை முப்பது வருடமாகக் குடிக்காத அந்தத் தம்பிக்கும் அதே சாதுவான சிறுநீரும் ஏறும் கிரியேற்றினினும் இருந்தால், சந்தேகம் கிணற்றை விட்டுக் குடும்பத்தின் பக்கம் நகர வேண்டும். அவர் நலமாக இருந்தால் அது மட்டும் எதையும் நிரூபிக்காது. பாதிப் பிள்ளைகளுக்கு விகாரம் போவதில்லையே. இந்தச் சிதறலை எந்த ஆய்வாளரும் திட்டமிட்டிருக்க முடியாது. ஆனால் அது தரும் ஒப்பீட்டைப் பயன்படுத்தாமல் விடுவது அறிவியலுக்கு நட்டம்.

சிதறலுக்கு மறுபக்கமும் உண்டு. உதாரணமாக, கிளினிக்கில் நடக்கக்கூடிய ஓர் உரையாடலை எடுத்துக்கொள்வோம்.

"உங்கட வீட்டில ஆருக்கும் கிட்னி வருத்தம் இருந்ததோ?"

"அப்படி ஒண்டும் இல்லை, டொக்டர்."

"அப்பா?"

"அவர் 2009இல மே மாசம் செத்துப்போனார். அப்ப முப்பத்தெட்டு வயசு. ஒரு வருத்தமும் இல்லாத மனுசன்."

குடும்ப வரலாறு என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதப்படும். எழுதியவர் பொய் சொல்லவில்லை, சொன்னவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஐம்பது வயதில் வெளிப்படக்கூடிய நோயைப் பற்றி முப்பத்தெட்டில் இறந்தவரின் உடல் எந்தச் சாட்சியமும் தராது. அவர் நலமாக இருந்தார் என்பது உண்மை; விகாரம் இல்லாதவர் என்பது நமது ஊகம். புள்ளியியல் இத்தகையவரை இடையில் நின்றுபோன பதிவாக வைக்குமே தவிர, நோயற்றவர் கணக்கில் சேர்க்காது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கிளினிக் கொப்பிகளையும் பதிவுகளையும் தொலைத்த குடும்பங்களில் இந்தப் பிழை பல மடங்காகும். சைப்பிரஸின் பெரிய குடும்பங்களில் தலைமுறைகளை எண்ண முடிந்ததால்தான் நோயின் தெரு தெரிந்தது. இங்கே எண்ணும் முறையை நாமே திருத்தாவிட்டால், பரம்பரை நோய் பரம்பரை இல்லாததுபோலவே தோன்றும்.

6. இரண்டு மறுப்புகள்

முதலாவது: பரம்பரை விகாரம் இருபது முப்பது வருடத்தில் ஒரு மாகாணத்தையே பிடிக்காது, ஆகவே இது சூழல் நோய். சரியான மறுப்பு. நோயின் பெரும்பகுதிக்கு மியூக்-1 காரணமாக இருக்க முடியாது என்பதை ஏற்கிறேன். கிராமம் கிராமமாக நோய் கூடிக்குறைவதையும் விவசாயத்தோடு சேர்ந்து போவதையும் அதனால் விளக்க முடியாது. ஆனால் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது என்பதால் சிறிய காரணங்கள் இல்லாமல் போவதில்லை. கலந்து கிடக்கும் பரம்பரை நோயாளரைப் பிரித்து எடுத்தால் சூழல் ஆய்வும் தெளிவடையும்.

இரண்டாவது: டயலிசிஸ் இயந்திரத்துக்கே காத்திருக்கும் மாவட்டத்தில் அபூர்வ விகாரத்தைத் தேடிச் செலவு செய்யலாமா? இந்தக் கேள்விக்கு விடை சிறுநீரகத் தானத்தில் இருக்கிறது. அண்ணனுக்குத் தம்பி சிறுநீரகம் கொடுக்க முன்வருகிறார். தம்பிக்கு முப்பது வயது, சிறுநீர் சுத்தம், கிரியேற்றினின் சாதாரணம். அண்ணனுடைய நோய் மியூக்-1 நோயென்றால் தம்பிக்கும் அது இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. வழமையான சோதனைகள் இதைக் காட்டாமல் விடலாம். நோயாளியாகப் போகிறவரிடமிருந்து ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிடுவது எந்தச் செலவையும்விடப் பெரிய செலவு. மறுபுறம், விகாரமில்லாதவர் கொடுக்கும் சிறுநீரகத்தில் இந்த நோய் திரும்ப வராது.

எல்லோருக்கும் சோதனை வேண்டியதில்லை. இரண்டு தலைமுறையில் நோயிருந்து, சிறுநீர் சாதுவாக இருக்கும் குடும்பங்களைத் தெரிந்தெடுத்தால் போதும். அவர்களது மாதிரிகளை நீண்ட வாசிப்பு முறையிலோ ஏழு-எட்டு விகாரத்துக்கென்றே அமைந்த சோதனையிலோ பார்க்கலாம். முடிவை நோயாளியிடம் மட்டும் சொல்ல வேண்டும். பரம்பரை வருத்தம் என்ற பேச்சு ஒரு வீட்டுப் பெண்பிள்ளையின் கலியாணத்தைக் குழப்பும் ஊர் இது.

7. முடிவுரை

வாசிக்க முடியாத மீள்வரியை வாசிக்கும் கருவி உலகில் வந்துவிட்டது. அது வன்னிக்கு வரக் காலம் எடுக்கலாம். குடும்ப வரலாற்றைச் சரியாக எழுத எந்தக் கருவியும் தேவையில்லை. வடக்கின் சிறுநீரக கிளினிக்குகளையும் யாழ்ப்பாணம், வவுனியாப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளரையும் இக்கட்டுரை கேட்பது இவ்வளவுதான்: படிவத்தில் குடும்ப வரலாற்றுக்கு "உண்டு", "இல்லை" என்ற இரண்டு கட்டங்களோடு "தெரியவருமுன் இறந்தார்" என்று மூன்றாவது கட்டம் ஒன்றைச் சேர்க்க வேண்டும், இறந்தபோது அவருக்கு எத்தனை வயது என்பதையும், வெளிநாட்டில் உள்ள சகோதரரின் கிரியேற்றினின் அளவையும் பக்கத்தில் எழுத வேண்டும்.