வருகையின் வாரங்களும் பாலாற்றின் காத்திருப்பும்



டிசம்பர் மாதத்தில் நம் பகுதி மக்கள் இரண்டு வருகைகளை எதிர்நோக்கியிருக்கிறார்கள். ஒன்று, திருச்சபை நான்கு வாரங்கள் ஆயத்தப்பட்டுக் கொண்டாடும் இரட்சகரின் வருகை. மற்றொன்று, பாலாற்றில் தண்ணீரின் வருகை. வீடுகளுக்கு வெள்ளையடிப்பதும், வாசலில் நட்சத்திரம் கட்டுவதும், இரவில் கீதபவனி புறப்படுவதும் நடக்கும் இதே வாரங்களில்தான், “ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறதா?” என்ற கேள்வியும் வாணியம்பாடி முதல் ஆற்காடு வரை ஊர்தோறும் கேட்கப்படுகிறது. இந்த இரண்டாவது காத்திருப்பின் வரலாற்றை இவ்வாரம் உங்களோடு தியானிக்க விரும்புகிறேன். அது நம் சபை மக்களின் கிணறுகளையும், வயல்களையும், சம்பளத்தையும், உடல்நலத்தையும் தொட்டு நிற்கும் வரலாறு.

மணலுக்குள் ஓடிய ஆறு

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி, வயலூர் அருகே கடலில் சேருகிறது. ஆண்டு முழுவதும் கரைபுரளும் ஆறாக அது இருந்ததில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் வெள்ளம் வரும். பின்பு மணல் வெளியாகக் கிடக்கும். ஆனால் அந்த மணலே நம் முன்னோரின் களஞ்சியமாயிருந்தது. மேலே வறண்டு கிடந்தாலும் உள்ளே நீர் ஓடியது. மணலில் கால்வாய் தோண்டி ஊற்றுநீரை வயலுக்குக் கொண்டுபோனார்கள். கரையோரக் கிணறுகள் கோடையிலும் சுரந்தன.

ஆறு எப்போதும் சாந்தமாக வந்ததுமில்லை. 1903 நவம்பரில் பெருகி வந்த வெள்ளம் வாணியம்பாடியில் பல உயிர்களைக் கொண்டுபோனது. 2021 நவம்பரிலும் நெடுநாள் காணாத வெள்ளம் பாலாற்றில் வந்தது. அந்த மழையில் பேரணாம்பட்டில் ஒரு வீட்டின்மேல் சுவர் இடிந்து விழுந்து, 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். அடுத்து வந்த கிறிஸ்துமஸ் நாட்களில் அதே பகுதியில் நிலமும் இலேசாக அதிர்ந்தது. வராவிட்டால் வறட்சி, வந்தால் அச்சம் என்ற நிலையிலும் இந்த ஆற்றை நம்பியே ஊர்கள் எழும்பின. அந்த ஊர்களுக்குச் சோறு போட வந்த தொழில், பிற்காலத்தில் அவற்றின் கிணறுகளைக் கெடுக்கும் தொழிலாகவும் ஆனது.

தோல் வந்த வழி

தோல் பதனிடுதல் நம் பகுதிக்கு நேற்று வந்த தொழில் அன்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் கொண்டு தோலைப் பதனிடும் முறை தலைமுறைகளாக இங்கே தெரிந்த ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல்கடந்த வணிகம் வளர்ந்தபோது, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் தொழிற்சாலைகள் பெருகின. அந்தத் தோல் மதராஸ் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது.

மரப்பட்டைக்குப் பதிலாகக் குரோம் உப்பைப் பயன்படுத்தும் முறை இருபதாம் நூற்றாண்டில் இடம்பிடித்தது. 1970-களில் மத்திய அரசு அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதும் பதனிட்ட தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. இதனால் வேலைவாய்ப்பு பெருகியது. ஆம்பூரின் ஷூ கம்பெனிகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் முதன்முறையாக மாதச் சம்பளம் பெற்றார்கள். அந்தச் சம்பளத்தில் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள்; கூரை வீடுகள் மாடி வீடுகளாயின. நம் சபைகளின் காணிக்கைப் பெட்டியிலும் அந்த உழைப்பின் பங்கு உண்டு. ஆகையால் இந்தத் தொழிலைப் பழித்துப் பேசும் உரிமை நமக்கு எளிதில் கிடைப்பதில்லை.

வேதமும் அதைப் பழிக்கவில்லை. அப்போஸ்தலனாகிய பேதுரு யோப்பா பட்டணத்தில் தங்கியிருந்தது தோல் பதனிடுகிற சீமோனின் வீட்டில். செத்த மிருகங்களின் தோலைக் கையாளுகிறவனைத் தீட்டுள்ளவனாகக் கண்ட காலத்தில், அப்போஸ்தலன் அவன் வீட்டில் உணவருந்தி உறங்கினான். புறஜாதியானாகிய கொர்நேலியுவின் ஆட்கள் அவனைத் தேடி வந்ததும் அந்த வாசலுக்கே. அவ்வீடு கடலோரத்தில் இருந்ததென்றும் வேதம் குறிப்பிடுகிறது. தோல் தொழிலுக்கு நீர் வேண்டும். கழிவுநீர் போவதற்கு இடமும் வேண்டும். சீமோனுக்குக் கடல் அருகில் இருந்தது. நமக்கு அருகில் இருந்ததோ மணலுக்குள் குடிநீரைச் சேமித்து வைத்த ஓர் ஆறு.

கிணறுகள் உப்பான காலம்

ஒரு கிலோ தோலைப் பதனிடச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறதென்று பின்னாளில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறிப்பிட்டது. உப்பும் சுண்ணாம்பும் குரோமும் கலந்து வெளியேறிய கழிவுநீர் ஓடைகளிலும் ஏரிகளிலும் ஆற்று மணலிலும் இறங்கியது. மணல் நல்ல நீரைப் போலவே கெட்ட நீரையும் தனக்குள் வாங்கிக்கொண்டது. கிணறுகள் உவர்த்தன. நெல்லும் கரும்பும் விளைந்த நிலங்கள் மேலே வெள்ளை பூத்துத் தரிசாயின. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாததாகிவிட்டது என்ற கணக்கும் அதே தீர்ப்பில் இடம்பெற்றிருக்கிறது.

ஆதியாகமம் 26-ஆம் அதிகாரத்தில் ஈசாக்கின் வரலாற்றை வாசிக்கிறோம். தன் தகப்பனாகிய ஆபிரகாமின் நாட்களில் வெட்டப்பட்ட துரவுகளைப் பெலிஸ்தர் மண்ணினால் தூர்த்துப்போட்டிருந்தார்கள். ஈசாக்கு அவற்றை மறுபடியும் தோண்டினான். மண்ணால் தூர்க்கப்பட்ட கிணற்றை மண்வெட்டியால் மீட்கலாம். நிலத்தடியில் உப்பும் குரோமும் இறங்கிய கிணற்றை அப்படி மீட்க முடிவதில்லை. மண்வெட்டி உதவாத இடத்தில், நம் ஊர் மக்கள் மனு எழுதும் பேனாவை எடுத்தார்கள்.

ஒரு மனுவின் பயணம்

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற அமைப்பு, தோல் கழிவினால் பாலாறும் நிலத்தடி நீரும் கெடுவதைத் தடுக்கவேண்டி உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா அவ்வழக்கில் வாதாடினார். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தரும் தொழிலாயினும், நீரையும் நிலத்தையும் மனிதரின் நலத்தையும் கெடுக்கும் உரிமை அதற்கு இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

கேடு வருமுன் காக்கவேண்டும் என்ற கோட்பாடும், கெடுத்தவனே அதற்கு ஈடு செலுத்தவேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு அறிவித்தது. வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்டவேண்டும் என்றும், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையம் வேண்டும் என்றும் கட்டளையிட்டது. இன்று இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர் அனைவரும் வேலூரின் பெயரை இந்த வழக்கின் மூலம் அறிகிறார்கள். உப்புக் கிணற்றைக் கண்டு கலங்கிய மக்கள் ஒரு நாட்டின் சட்டத்தையே செழுமைப்படுத்தினார்கள்.

ஆனால் தீர்ப்பு ஒன்று, நிறைவேற்றம் வேறொன்று. இழப்பீட்டு ஆணையம் 2001-இல் வேலூர் மாவட்டத்தில் சுமார் 29,000 பேருக்கு ஏறத்தாழ 26.8 கோடி ரூபாய் தீர்மானித்தது. தொகை பெரிதாகத் தோன்றலாம். பகிர்ந்து பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக 9,000 ரூபாயைச் சற்றே தாண்டும். அதுவும் ஏழு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இழப்புக்கு. வழக்குகள் மேல்முறையீடுகளாகத் தொடர்ந்தன. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பளித்தது. நிலுவையில் உள்ள இழப்பீட்டை ஆறு வாரங்களுக்குள் அரசு வழங்கி, அதைக் கெடுத்தவர்களிடம் வசூலிக்கவேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு அமைத்துப் பாலாற்றை மீட்கும் பணியைக் கண்காணிக்கவேண்டும் என்று அது கட்டளையிட்டது. மனு போடப்பட்ட ஆண்டில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை, இந்தத் தீர்ப்பு வந்தபோது தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வயதை அடைந்திருக்கும். இதற்கிடையில், மேட்டூர்ப் பகுதியிலிருந்து காவிரி நீரைக் குழாய்களில் கொண்டுவந்து நம் ஊர்களுக்கு வழங்கவேண்டியதாயிற்று.

கூலியும் உயிரும்

அந்தத் தீர்ப்பு வந்த நாளோடு மற்றொரு நாளையும் நினைவுகூர வேண்டும். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. அருகிலிருந்த தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் 9 பேர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

நீரைச் சுத்தம் செய்ய அமைத்த இடமே உறங்கியவர்களுக்குச் சாவைக் கொண்டுவந்தது. கெட்ட நீரின் பாரத்தை விவசாயி ஒருபுறம் சுமக்கிறான். தொழிலாளி மறுபுறம் சுமக்கிறான். இருவரும் ஒருவருக்கொருவர் எதிரிகள் அல்லர். பல குடும்பங்களில் அண்ணன் வயலிலும் தம்பி தோல் ஷாப்பிலுமாக ஒரே வீட்டுப் பிள்ளைகளாயிருக்கிறார்கள். வேலை வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்பவர், ஒரே பந்தியில் உட்கார்ந்த சகோதரரைப் பிரிக்கிறார்.

யோவான் சொன்ன பதில்

வருகையின் வாரங்களில் நாம் தவறாமல் சந்திக்கும் ஒருவன் யோவான்ஸ்நானன். அவன் இடையில் கட்டியிருந்தது வார்க்கச்சை. தனக்குப்பின் வருகிறவருடைய பாதரட்சைகளின் வாரை அவிழ்க்கவும் தான் பாத்திரன் அல்ல என்று அவன் தன்னைத் தாழ்த்தினான். கச்சையும் தோல், வாரும் தோல். ஆம்பூரில் வாழ்கிறவர்களுக்கு இந்த வசனங்கள் தூரமானவை அல்ல.

ஜனங்கள் அவனிடம் போய், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். அவன் அவர்களை வனாந்தரத்துக்கு அழைக்கவில்லை. அவரவர் தொழிலை விட்டுவிடச் சொல்லவுமில்லை. இரண்டு அங்கிகளை உடையவன் இல்லாதவனுக்குப் பகிரவும், வரி வசூலிப்பவன் விதித்ததற்குமேல் வாங்காதிருக்கவும், போர்ச்சேவகன் ஒருவரையும் ஒடுக்காமல் தன் கூலியோடு திருப்தியாயிருக்கவும் சொன்னான். மேசியாவின் வருகைக்கு ஆயத்தப்படுவது என்பது அவனுக்குப் பொதுவாழ்வின் நேர்மையாகவே இருந்தது. அதே கேள்வியோடு தோல் முதலாளி அவனிடம் போயிருந்தால், கழிவைச் சுத்திகரிக்காமல் இரவில் திறந்துவிடாதே என்று சொல்லியிருப்பான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இந்த மண்ணின் கிறிஸ்தவ வரலாறும் அதையே காட்டுகிறது. 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார். மருத்துவமனைக்கு வர முடியாத கிராமத்தாரைத் தேடிச் சாலையோரங்களில் மருந்து கொடுத்தார். நோயைக் குணமாக்குவது ஆராதனையின் பகுதியானால், நோய் வராதபடி நீரைக் காப்பதும் அப்படியே.

ஆகையால் இந்தப் பண்டிகை நாட்களில் செய்யக்கூடிய சில காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். உங்கள் கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதியுங்கள். ஒரு லிட்டரில் கரைந்த உப்புகள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்திலும் 2,000-ஐத் தாண்டக்கூடாது என்பது நாட்டின் தரநிர்ணயம். பண்டிகைக் குப்பையை ஆற்றிலும் ஓடையிலும் கொட்டாதிருங்கள். போகியன்று டயரையும் தோல் துண்டுகளையும் எரிக்கவேண்டாம் என்று அக்கம்பக்கத்தாரிடம் அன்போடு சொல்லுங்கள். குரோமில் பதனிட்ட தோலை எரித்தால் குரோமியம் இன்னும் கொடிய வடிவத்துக்கு மாறக்கூடும். ஜனவரி 26 அன்று கூடும் கிராம சபையில், நகரமானால் பகுதி சபையில், தவறாமல் உட்காருங்கள். கழிவுநீர் எங்கே போகிறது, இழப்பீடு யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று பணிவோடும் உறுதியோடும் கேட்டுத் தீர்மானத்தில் எழுதச் செய்யுங்கள். வேற்று மாநிலத்திலிருந்து வந்து தொழிற்சாலையில் தங்கியிருப்பவர்களைக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழையுங்கள். அவர்கள் உறங்கும் இடம் பாதுகாப்பானதா என்றும் விசாரியுங்கள்.

ஈசாக்கு தோண்டிய முதல் இரண்டு துரவுகளுக்கும் வழக்கும் வாக்குவாதமும் உண்டாயின. ஏசேக்கு, சித்னா என்று அவற்றுக்குப் பேரிட்டான். ஆயினும் தோண்டுவதை அவன் நிறுத்தவில்லை. வாக்குவாதமில்லாத மூன்றாவது துரவுக்கு, இடமுண்டாயிற்று என்ற பொருளில் ரெகொபோத் என்று பேரிட்டான். நம் ஊர் முதல் இரண்டு துரவுகளைக் கடந்து வந்திருக்கிறது. விவசாயிக்கும் தொழிலாளிக்கும், இந்த ஊராருக்கும் வெளியூராருக்கும் இடமுள்ள மூன்றாவது துரவைத் தோண்டும் வேலை நம் தலைமுறையின் கையில் இருக்கிறது.

கர்த்தர் தாமே உங்கள் வீடுகளையும் கிணறுகளையும் கைகளின் பிரயாசத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.