மண்ணெண்ணெய்க்குப் பழகிய மொறிஸ் மைனர்

1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைப் போர்க்காலத்துத் திடீர்க் கண்டுபிடிப்பு என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த அறிவு போருக்கு வெகு முன்பே எங்கள் தோட்டக் கிணற்றடிகளில் இருந்தது.

வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் ஒருகாலம் துலா மிதித்து இறைத்த தண்ணீரில்தான் விளைந்தன. பிறகு வாட்டர் பம்ப் வந்தது. அதன் எஞ்சினைப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறியதும் திருகை மாற்றி மண்ணெண்ணெயில் ஓடவிட வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது என்பதும், சூடு இறங்கினால் இரைச்சல் தடுமாறும் என்பதும் எங்கள் கமக்காரர்களுக்குப் படிக்காமலே தெரிந்த பாடம்.

மண்ணெண்ணெய் ஓட்டம் கைகூடியதற்கு இரண்டாவது காரணம் பழைய கார்கள். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களின் தொடக்கத்தில் இலங்கையில் கார் இறக்குமதி இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை, இருந்த வண்டியைத்தான் திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டும். அதனால் ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் எங்கள் ஒழுங்கைகளில் நிலைத்துவிட்டன. அப்பாவிடம் இருந்தது 948 சிசி எஞ்சின் கொண்ட மைனர் பிக்கப். கால் தொன் என்று கணக்குக் காட்டிய அந்த வண்டி சுன்னாகம் சந்தைக்கு அதைவிடக் கூடுதலாகவே வெங்காயம் சுமந்தது.

அதில் எரிபொருளைக் காற்றோடு கலக்க இருந்தது எஸ்யூ காபுரேற்றர். சப்பாத்து வியாபாரக் குடும்பத்தில் பிறந்த ஜோர்ஜ் ஹேர்பேட் ஸ்கின்னர் என்ற ஆங்கிலேயர் 1905இல் காப்புரிமை கோரிய அமைப்பு அது. முதலில் தோல் துருத்தியால் இயங்கியது. பின்னர் அந்த இடத்துக்கு உலோகப் பிஸ்ரன் வந்தது. 1926இல் எஸ்யூ நிறுவனத்தைக் கார்த் தயாரிப்பாளர் மொறிஸ் வாங்கினார். பல காபுரேற்றர்களில் ஐட்லிங்குக்கெனத் தனித்துளை உண்டு. எஸ்யூவில் அது கிடையாது. காற்றின் இழுவைக்கு ஏற்ப பிஸ்ரன் ஏறி இறங்க, அதில் தொங்கும் கூம்பிய ஊசி ஒரே ஜெட்டின் வாயைத் திறந்து மூடும். நின்று இரைவதற்கும் ஓடுவதற்கும் அந்த ஒரே ஊசிதான்.

ஆகவே ஐட்லிங் குழம்பினால் தேட வேண்டிய இடங்கள் சிலவே. பிஸ்ரனை விரலால் உயர்த்தி விட்டால் ‘டொக்’ என்று விழ வேண்டும். விழாவிட்டால் அழுக்கோ, ஜெட் நடுவில் இல்லையோ. திறொட்டில் தண்டு தேய்ந்திருந்தால் பக்கவாட்டில் காற்று புகும்; எந்த ஆணியைத் திருகினாலும் ஓட்டம் நிலைக்காது. கடைசியில் கலவை. எஞ்சின் இரையும்போது பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு உயர்த்த வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் எரிபொருள் அதிகம். தளர்ந்து நிற்கப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் சற்றுக் கூடி அடங்கினால் சரி. ஜெட்டின் கீழுள்ள ஆறுமுக நட்டை ஒரு முகம், ஒரு முகமாகத் திருப்பி அப்பா அதைப் பிடிப்பார். “தம்பி, புகையைப் பாராதை, சத்தத்தைக் கேள்” என்பார்.

1990இல் யாழ்ப்பாணத்தின்மீது அரசின் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் போனது, பெற்றோல் அரிதானது. கிடைத்த மண்ணெண்ணெயும் அளவோடுதான். பெற்றோலின் இலேசான பகுதி 40 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கும். மண்ணெண்ணெய்க்கு 150 பாகை வேண்டும். அதனால் சிறு பிளாஸ்ரிக் போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் காபுரேற்றர் வாய்க்குள் சில துளிகள் பீச்சி, முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றி ஸ்ராட் எடுத்தோம். மைனரில் உள்ளிழுக்கும் குழாய், புகைக் குழாயோடு ஒட்டியே இருக்கும். அந்தச் சூடுதான் மண்ணெண்ணெயை ஆவியாக்கிக் காப்பாற்றியது. எஞ்சின் இடித்ததால் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளினார் அப்பா. ஹெட்டின் கீழ் இரண்டு காஸ்கட் போட்டு அழுத்தத்தைக் குறைத்தார்.

ஓட்டத்தில் சமாளிக்கலாம், நிற்கும்போதுதான் சோதனை. எஞ்சின் மெதுவாக இரைந்தால் சூடு இறங்கும், பிளக்கில் கரி படியும், எஞ்சின் அணையும். ஐட்லிங்கை வழமையைவிட உயர்த்தி வைப்பதுதான் அன்றைய கராஜ்களின் முதல் விதி.

அந்த விதியின் பெறுமதி 1995 ஒக்ரோபர் 30 இரவு தெரிந்தது. இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் மழையில் தென்மராட்சிக்குப் பெயர்ந்தது. செம்மணி, நாவற்குழி வீதியில் சனம் நெருக்கி நடக்க, வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. எங்கள் பிக்கப்பின் பின்தட்டில் நடக்கமுடியாத முதியவர்கள் இருந்தார்கள். அப்பா காலை அக்சிலரேற்றரிலிருந்து எடுக்கவே இல்லை. அணைந்தால் அந்த நெரிசலில் இறங்கிக் கம்பி சுற்ற இடமில்லை. கண்ணெரிக்கும் புகையைக் கக்கியபடி கைதடி வரை எஞ்சின் இரைந்துகொண்டே போனது.

அதற்கு எஞ்சின் கொடுத்த விலை பெரிது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி ஒயிலில் இறங்கும். அளவுகோலில் ஒயில் குறைவதற்குப் பதில் கூடும். நீர்த்த ஒயில் பெயரிங்குகளைத் தின்றது. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்து பெற்றோல் தாராளமாக வந்தபின் கராஜ்களுக்கு அந்த எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டுவதே பெரும் வேலையாயிற்று.

கார் இறக்குமதிக் கட்டுப்பாட்டை அந்நாளில் திட்டாதவர் இல்லை. ஆனால் அது விட்டுச்சென்ற பழைய வண்டிகள்தாம் தடைக்காலத்தில் நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயின. கணினி எரிபொருளை அளந்து விசிறும் இன்றைய எஞ்சினில், அப்பா நட்டைத் திருப்பியதுபோல் ஒரு மெக்கானிக் கைவைக்க இடமில்லை.

தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நம் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. ஜெட்டை எவ்வளவு இறக்கினார்கள், தீப்பொறியை எவ்வளவு தள்ளினார்கள், எந்தக் காரில் எது பலித்தது என்பது பதிவாகவில்லை. அதைச் செய்த கைகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. வாய்மொழி வரலாறு சேகரிக்கும் நம் மாணவர்கள் பழைய கராஜ்களுக்கும் போக வேண்டும். ஒலிப்பதிவுக் கருவியோடு, முடிந்தால் ஒரு எஸ்யூ காபுரேற்றரையும் கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுத்துக் கேட்க வேண்டும்.